பழைய போர்ச் தரைக்குப் பெயிண்டா, பூச்சா, டைல்ஸா, இடித்துப் போடுவதா?

வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்துகிற போர்ச் தரை பெயர்ந்து, கறுத்து, ஓரமெல்லாம் பாசி ஏறிக் கிடக்கிறது, எந்த பெயிண்ட் நல்லது என்று கேட்கிறவர்களிடம் நான் பெயிண்ட் பேச்சையே எடுப்பதில்லை. மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து வெளியே போய், தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது என்று பாருங்கள், அப்புறம் பேசலாம் என்பேன். கோலாலம்பூரில் இந்தச் சோதனைக்காக மழையைத் தேடி அலைய வேண்டியதில்லை, ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் ஆனால் தானாகவே வந்து நிற்கும். தண்ணீர் கால்வாய்ப் பக்கம் ஓடிப் போய்விட்டால் உங்கள் பிரச்சினை மேல்பரப்போடு முடிந்தது. வாசற்படிப் பக்கம் திரும்பி வந்து நின்றால், மேலே எதைப் பூசினாலும் எதை ஒட்டினாலும் பள்ளத்துக்குப் பொட்டு வைத்த கதைதான்.

நான் பேசுவது செந்தூல், செத்தாப்பாக், கெப்போங், சிராஸ் பக்கம் நாற்பது ஐம்பது வருடத்துக்கு முன்னால் கட்டிய வரிசை வீடுகளைப் பற்றி. கணக்குக்கு வசதியாக 20 அடி அகலம், 16 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம், 320 சதுர அடி, ஏறத்தாழ 30 சதுர மீட்டர். இந்த வீடுகள் பலவற்றில் வீட்டுக்கு அடியில் பைலிங், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய தூண்கள், இருக்கும், போர்ச் மட்டும் கொட்டி நிரவிய மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கும். மண் வருடக் கணக்கில் அமுங்க அமுங்கப் போர்ச் இறங்கும், வீடு இறங்காது. வாசற்படிக்குக் கீழே நீளமாக ஒரு வெடிப்பு ஓடுகிறதே, பெரும்பாலும் அது இதனால்தான். அதைச் சிமெண்டு வைத்து அடைக்கிறவர்கள் அடுத்த வருடமும் அடைப்பார்கள். அசைகிற இடத்தில் இறுகிப் போகிற பொருள் நிற்காது. நுரைக் கயிற்றை உள்ளே திணித்து, மேலே பாலியூரிதீன் சீலண்ட் போட்டால் வெடிப்பு அசைந்தாலும் அது ரப்பர் மாதிரி இழுபட்டுக் கொடுக்கும்.

முதலில் தரையிடமே நாலு கேள்வி கேட்க வேண்டும். சுத்தியலால் அடிக்கு ஒரு தட்டு வீதம் தட்டிக்கொண்டே போங்கள். டங் என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது, டொப் என்று உள்ளே காற்று இருக்கிற மாதிரி கேட்டால் மேல்பூச்சு கழன்றிருக்கிறது, அல்லது கீழே மண்ணே இறங்கி வெற்றிடம் ஆகியிருக்கிறது. சாவியால் கீறுங்கள், வெள்ளையாக மாவு உதிர்ந்தால் மேல்தோல் செத்துவிட்டது, அதைச் சுரண்டி எடுக்காமல் எதையும் ஒட்ட முடியாது. வெடிப்பின் குறுக்கே விரல் நகத்தை இழுத்துப் பாருங்கள், ஒரு பக்கத்தில் நகம் தட்டினால் அந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறது, அதாவது தரை இறங்கிக்கொண்டிருக்கிறது. மயிரிழை வெடிப்பு எத்தனை இருந்தாலும் நான் கவலைப்பட மாட்டேன், நகம் தட்டுகிற ஒரே ஒரு வெடிப்பு இருந்தால் கவலைப்படுவேன். கடைசியாக, ஒன்றரை அடிச் சதுரத்துக்குத் தடித்த பிளாஸ்டிக் தாளை வெட்டி, நாலு ஓரத்தையும் டேப்பால் இடைவெளி இல்லாமல் ஒட்டி, நேரடி வெயில் படாத இடத்தில் 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். பிரிக்கும்போது அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ, மண்ணிலிருந்து ஈரம் ஏறி வருகிறது. அந்தக் காலத்து வீடுகளில் தரைக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போடாமல் விட்டிருப்பது சகஜம்.

இந்த ஈரம் ஒன்றே எபோக்சியை, அதாவது இரண்டு டப்பா கலந்து அடிக்கிற பிசின் பெயிண்டை, பட்டியலிலிருந்து அடித்துவிடும். ஆனாலும் கடைக்குப் போனால் முதலில் கையில் கொடுப்பது அதைத்தான், ஏனென்றால் கார் ஷோரூம் தரை மாதிரி பளபளவென்று இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எல்லாரும் வருகிறார்கள். எபோக்சி உள்ளறைச் சரக்கு. வெயில் பட்டால் மஞ்சளிக்கும், பிறகு சுண்ணாம்பு மாதிரி உதிரும். செத்தாப்பாக்கில் என் மாமா வீட்டில் போய்ப் பார்த்தால் புரியும்: கூரை நிழல் விழுகிற இடம் வரைக்கும் சாம்பல் நிறம் அப்படியே இருக்கிறது, நிழல் முடிகிற இடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி மறுபக்கம் மஞ்சள். கார் டயர் நிற்கிற நாலு இடத்தில் டயர் அச்சோடு பெயிண்ட் பெயர்ந்து வந்திருக்கிறது, ஏனென்றால் நெடுஞ்சாலையில் ஓடிச் சூடாக வந்து நிற்கிற டயர் பெயிண்டை இளக்கிப் பிடித்துக்கொள்ளும், மறுநாள் காரை எடுக்கும்போது கூடவே எழுப்பிக்கொண்டு போகும். மேலே அலிஃபாட்டிக் வகைப் பாலியூரிதீன் ஒரு கோட் அடித்தால் மஞ்சளிப்பது நிற்கும், உண்மைதான், ஆனால் கீழேயிருந்து வருகிற ஈரம் நிற்காது, அது கொப்புளமாக எழும்பும்.

வேலை செய்யும்போதும் எபோக்சி நம் ஊர் வெயிலுக்குச் சரிப்படாது. இரண்டு டப்பாவையும் கலந்த நொடியிலிருந்து ரசாயன வினை தொடங்கிவிடும், வாளிக்குள் மொத்தமாக இருந்தால் அதன் சூடே அதை இன்னும் வேகமாக்கும், முப்பது டிகிரி வெயிலில் டப்பாவில் எழுதியிருக்கிற நேரத்தை நம்பி நிதானமாக உருட்டிக்கொண்டிருந்தால் வாளியில் மீதி கல்லாகிவிடும். அப்படியும் போட்டே தீருவேன் என்கிறவர்கள் கலந்த உடனே தரையில் ஊற்றிவிட்டுப் பரப்புங்கள், மேல் கோட்டில் மணல் தூவுங்கள். தூவாவிட்டால் மழைச் சாரல் அடித்த அன்றைக்கு வீட்டில் வயதானவர்கள் யாராவது வழுக்கி விழுவார்கள்.

சாதாரண அக்ரிலிக் தரைப் பெயிண்ட் அவ்வளவு கெட்டது இல்லை. மலிவு, தண்ணீர் கலந்தே அடிக்கலாம், ஓரளவு ஈரத்தை வெளியே விடும், ரோலரை எடுத்துக் காலையில் முடித்துவிடலாம். டயர் பாதையில் ஒன்றிரண்டு வருடத்தில் தேய்ந்துவிடும், மறுபடி அடிக்க வேண்டியதுதான். தீபாவளிக்குச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற கையோடு தரைக்கும் அடித்துவிடுகிற வீடுகள் எனக்குத் தெரியும், அவர்களுக்கு அது பொருந்தும். ஒரு தடவை பெயிண்ட் அடித்த தரையில் பிறகு வேறு எதையும் ஒட்டுவதற்குப் பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்ட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பெயிண்டோடு நமக்கு இன்னொரு சங்கடம். பளபளப்பான தரையில் அரிசி மாவுக் கோலம் பிடிக்காது, காற்றில் நகர்ந்துவிடும், சொரசொரப்பான சிமெண்டில்தான் இழை நிற்கும். போர்ச்சில் பொங்கல் வைக்கிற வீடாக இருந்தால் அடுப்பு இடத்துக்கும் யோசிக்க வேண்டும், எபோக்சி சூட்டில் இளகிக் கருகும். வெறும் கான்கிரீட்டும் நேரடி நெருப்புக்கு ஆகாதுதான், உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகிப் பட்டென்று சில்லு தெறிக்கும், ஆனால் செங்கல் பரப்பி அதன் மேல் மணல் கொட்டி அடுப்பு வைத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது.

யாரும் கேட்காத, ஆனால் பாதிப் பேருக்குப் போதுமான வழி ஒன்று இருக்கிறது: நன்றாகக் கழுவி, வெடிப்பை அடைத்து, ஊடுருவுகிற சீலர் அடித்துவிட்டுச் சும்மா இருப்பது. சிலேன், சிலாக்சேன் வகை சீலர்கள் மேலே படலமாக நிற்பதில்லை, கான்கிரீட்டின் துளைக்குள் இறங்கித் தண்ணீரை உறிஞ்சவிடாமல் தடுக்கும், படலம் இல்லாததால் உரிந்து வரவும் வழியில்லை, கீழேயிருந்து வருகிற நீராவியும் வெளியே போய்விடும். தரை பழையதாகவேதான் தெரியும், கறையை மறைக்காது, சில வருடத்துக்கு ஒரு முறை மறுபடி அடிக்க வேண்டும். பாசி ஏறுவது வெகுவாகக் குறையும், ஏனென்றால் பாசிக்கு வேண்டிய ஈரம் கான்கிரீட்டுக்குள் தங்காது.

இந்த வழியில் வேலையே கழுவுவதுதான். வாட்டர் ஜெட் வாடகைக்குக் கிடைக்கும், சின்னதாக வாங்கினாலும் வீட்டில் கிடக்கும். முனையைத் தரைக்கு ஒட்டி வைத்து அடிக்காதீர்கள், செத்த தோலோடு நல்ல தோலும் போய்ச் சரளைக்கல் பல்லைக் காட்டும். பாசிக்குக் குளோரோக்ஸ் ப்ளீச்சைத் தண்ணீரில் கலந்து ஊற்றிச் சற்று ஊறவிட்டுத் தேய்த்தால் போதும். துருக் கறைக்கு, சைக்கிள் ஸ்டாண்டு நின்ற இடம், இரும்பு ஸ்டூல் நின்ற இடம், ஆக்சாலிக் அமிலம் எடுக்கும். ஆனால் குளோரோக்ஸ் ஊற்றிய அன்று எந்த அமிலத்தையும் அந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், திறந்த இடம்தானே என்று அலட்சியம் வேண்டாம், குனிந்து தேய்த்துக்கொண்டிருக்கிறவர் முகத்துக்கு நேராகத்தான் அது எழும்பும்.

எண்ணெய்தான் பெரிய தலைவலி. எஞ்சின் ஆயில் மட்டும் இல்லை, கார்த்திகைக்கு வைத்த அகல் விளக்குகளின் நல்லெண்ணெயும் வட்ட வட்டமாக உள்ளே இறங்கியிருக்கும். டிகிரீசர் போட்டுத் தேய்த்துக் காய்ந்த பிறகு, கறை இருந்த இடத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சிக்கொண்டால் சுத்தமாகிவிட்டது. உருண்டையாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, பெயிண்டோ பூச்சோ டைல் பசையோ அங்கே பிடிக்காது. சீலர் அடிப்பதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும், அடித்த பிறகு எல்லா இடத்திலும் உருண்டையாகத்தான் நிற்கும்.

சரி, தரை பார்க்கவே பிடிக்கவில்லை, அங்கங்கே குழி, மேல்தோல் போய்விட்டது, ஆனால் தட்டினால் கெட்டியாக இருக்கிறது, தண்ணீரும் ஏறக்குறைய ஒழுங்காக ஓடுகிறது. இந்த நிலையில் இருக்கிற தரைகள்தான் அதிகம், அதற்கு என் ஓட்டு பாலிமர் கலந்த மெல்லிய சிமெண்டுப் பூச்சுக்கு. சாக்கில் வருகிற தயார்க் கலவை, தண்ணீர் அல்லது கூடவே கொடுக்கிற திரவத்தில் கலந்தால் போதும். வெளித்தரைக்கு, கார் ஏறுவதற்கு என்று சாக்கில் எழுதியிருக்க வேண்டும், உள்ளறைக்கான தானே சமமாகிற கலவையை வாங்கிவிடாதீர்கள், அது இங்கே மழைக்கு நிற்காது, தவிர சமமாகிக்கொண்டால் உங்கள் சரிவும் போய்விடும். சாதாரண சிமெண்டும் மணலும் குழைத்து அரை அங்குலம் இழுத்துவிடுவது மலிவாகத் தோன்றும். அவ்வளவு மெல்லிய சாதாரணக் கலவை பழைய கான்கிரீட்டில் பிடிக்காமல் வெயிலில் சுருங்கித் தட்டுத் தட்டாக எழும்பும். இந்த ஊரில் டொப் டொப் என்று கேட்கிற போர்ச்சுகளில் பாதி இந்தக் கைவேலையின் மிச்சம்.

அளவு: ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு ஏறத்தாழ 1.8 கிலோ தூள் போகும். நம் 30 சதுர மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் என்றால் 160 கிலோ சொச்சம், 25 கிலோ சாக்கு ஏழு. குழிகளை நிரப்புவதற்குச் சேர்த்து ஒன்பது வாங்கலாம். இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். ஒருவர் டிரில்லில் துடுப்பு மாட்டிக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், மற்றவர் இழுத்துக்கொண்டே போக வேண்டும், நடுவில் டீ குடிக்க நின்றால் அந்த இடத்தில் கோடு விழும், அது காலத்துக்கும் தெரியும்.

பூச்சு பிடிப்பதும் பிடிக்காததும் அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது. பழைய கான்கிரீட் காய்ந்து கிடந்தால் புதுக் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், கலவை வேகாமலே காய்ந்து மாவாகும். தண்ணீர் தேங்கி நின்றாலும் கெடும், நடுவில் ஒரு நீர்ப்படலம் உட்கார்ந்து ஒட்டவிடாது. முதல் நாள் இரவு நன்றாக நனைத்து, காலையில் மேலே மினுமினுப்பு போய் நிறம் மட்டும் கறுப்பாக, ஈரமாக இருக்கிற நிலை வரும், தொட்டால் கை சில்லென்று இருக்கும், ஆனால் நனையாது. அப்போது எஸ்பிஆர் லேடெக்ஸ் என்கிற ஒட்டுத் திரவமும் சிமெண்டும் குழம்பு பதத்தில் கலந்து பிரஷ்ஷால் தேய்த்து, அது காய்வதற்குள் மேலே பூச்சை இழுக்க வேண்டும். அதனால் மொத்தத் தரைக்கும் ஒரேயடியாகத் தேய்த்து வைக்காமல், கை எட்டுகிற அகலத்துக்கு மட்டும் தேய்த்துக்கொண்டு போங்கள். சாக்கின் தயாரிப்பாளர் தனிப் பிரைமர் சொல்லியிருந்தால் அதையே போடுங்கள், அங்கே உங்கள் புத்திசாலித்தனம் வேண்டாம். கரணையால் இழுத்து முடித்து, மினுமினுப்பு மங்கும்போது மென்மையான துடைப்பத்தைக் கால்வாய்ப் பக்கமாக ஒரே இழுப்பாக இழுத்துவிட்டால் சின்னச் சின்னக் கோடு விழும், வழுக்காது, தண்ணீரும் அந்தக் கோட்டோடு ஓடும். பழைய தரையில் எங்கே இணைப்புக் கோடு இருந்ததோ அதே இடத்தில் புதுப் பூச்சிலும் வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் தரை தானே அங்கே வெட்டிக்கொள்ளும், ஆனால் நேராக வெட்டாது.

சுரண்டவோ வெட்டவோ கிரைண்டர் பிடிக்கிறவர்கள் தண்ணீர் விட்டுக்கொண்டே பிடியுங்கள், மின்கசிவுத் தடுப்பான் உள்ள இணைப்பில் மட்டும். காய்ந்த கான்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. துணி கட்டிக்கொண்டால் போதாது, குறைந்தது என்95 முகக்கவசமாவது வேண்டும்.

டைல்ஸ் போடுவதுதான் வீட்டில் பெரியவர்களின் முதல் ஆசை, பூச்சைவிட அதற்கு மரியாதை அதிகம். தரை கெட்டியாக இருந்தால் அதுவும் நல்ல வழிதான், மறுக்க மாட்டேன். ஆனால் தனியாகச் செய்கிறவருக்கு இது பூச்சைவிட ஒரு படி கடினம். டைலும் பசையுமாகப் பதினைந்து மில்லிமீட்டருக்கு மேல் உயரும், கேட் அடியில் அவ்வளவு இடைவெளி இருக்கிறதா, ஆட்டோ கேட்டின் கை தடுக்காதா என்று முதலிலேயே அளந்து பாருங்கள். வழுக்கலுக்கு ஆர்11 தரம் கேளுங்கள், ஆர்9 என்றால் அது ஹாலுக்கு. இரண்டடிக்கு இரண்டடி டைல் பார்க்க அழகு, ஆனால் சரிவான தரையில் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும், ஓரடி டைல் சரிவோடு வளைந்து போகும். பசையைத் தரையிலும் பூசி டைலின் முதுகிலும் பூச வேண்டும், நாலு மூலையில் மட்டும் பொட்டுப் பொட்டாக வைத்தால் நடுவில் காலியாக இருக்கும் இடத்தில் கார் சக்கரம் ஏறிய அன்றைக்கு உடையும். மூன்று மீட்டருக்கு ஒரு முறை சீலண்ட் போட்ட விரிவு இணைப்பு விடுங்கள். மதிய வெயிலில் வெந்து, மூன்று மணி மழையில் சட்டென்று குளிர்கிற டைல் அது, நீண்டு சுருங்க இடம் இல்லாவிட்டால் கூடாரம் மாதிரி எழும்பும்.

கூழாங்கல் பதித்துக் கழுவுகிற தரை நம் ஊரில் பிரபலம், அதைக் கைப்பழக்கம் உள்ளவரிடமே விடுங்கள், எந்த நிமிடத்தில் கழுவுவது என்பதில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. மாட்டிச் சேர்க்கிற பிளாஸ்டிக் தட்டுகள் வாடகை வீட்டுக்குச் சரி, கார் ஏறாத பக்கத்துக்கு மட்டும். அடியில் இலையும் தண்ணீரும் தங்கும், ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறந்து போய்விடும், ஆகையால் வாரா வாரம் தூக்கிக் கழுவ முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

நகம் தட்டுகிற வெடிப்பு, தட்டினால் அகலமாக வெற்றிடச் சத்தம், வாசல் பக்கம் ஓடுகிற தண்ணீர், இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் இடித்துப் புதிதாகப் போடுவதுதான் வழி, அதை நீங்களே செய்ய வேண்டாம். நாலு அங்குலத் தடிமன் என்று வைத்தாலும் நம் போர்ச்சில் 3 கன மீட்டர் கான்கிரீட் இருக்கிறது, உடைத்தால் ஏழு டன்னுக்கு மேல் கல். ஆலம் ஃபுளோரா குப்பை லாரி அதை எடுக்காது, லாரியில் ஏற்றிப் போகிற பெரிய ரோரோ தொட்டி வாடகைக்கு எடுக்க வேண்டும், இரவோடு இரவாக எங்காவது கொட்டினால் 2007 திடக்கழிவுச் சட்டம் காத்திருக்கிறது. திரும்பப் போடுவதற்குக் கையால் கலந்தால் 50 கிலோ சிமெண்டு மூட்டை சுமார் இருபது. குத்தகையாளரிடம் கொடுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று மூன்று விஷயத்தைப் பாருங்கள்: மண்ணை இயந்திரத்தால் இறுக்கி, மேலே பிளாஸ்டிக் விரித்தார்களா, பிஆர்சி கம்பி வலை மண்ணில் படுத்துக் கிடக்காமல் கட்டை வைத்துத் தூக்கியிருக்கிறதா, சரிவு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது கால்வாய்ப் பக்கம் இருக்கிறதா. ஒரு வாரம் ஈரமாக வைத்திருங்கள், அதுவரை கார் வேண்டாம், பெயிண்ட் ஆசை இருந்தால் 28 நாள் பொறுங்கள். கேட்டுக்கு வெளியே இருக்கிற கால்வாயையும் சேர்த்து மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது உங்கள் நிலம் இல்லை, கோலாலம்பூர் மாநகராட்சி (டிபிகேஎல்) அனுமதி வேண்டும். போர்ச்சில் சாக்கடை மேன்ஹோல் மூடி இருந்தால் பூச்சோ டைலோ அதன் மேல் போகக் கூடாது, அடைப்பு வரும்போது சாக்கடையைப் பார்த்துக்கொள்கிற இண்டா வாட்டர் ஆட்கள் அதைத்தான் திறக்க வேண்டும்.

நீங்களே செய்வதாக இருந்தால் ஜூன், ஜூலையைப் பாருங்கள், மழை ஒப்புநோக்கக் குறைவு. விடிந்ததும் தொடங்கிப் பதினொன்றுக்குள் இழுத்து முடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் கலவை கையில் நிற்காது, இரண்டு மணிக்கு மேல் வானத்தை நம்ப முடியாது, தார்ப்பாயைக் கட்டுவதற்குத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சாக்குகளை ஒரே தடவையில், ஒரே தயாரிப்பு எண் பார்த்து வாங்குங்கள், வேறு வேறு எண் என்றால் காய்ந்த பிறகு நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும். பிரிக்காத சாக்கைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று ஹார்ட்வேர் கடையில் காசு கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.